லீவு விட்ட பிறகு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வானிலை பற்றிய பேச்செல்லாம் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்: நாளைக்கு லீவா? மாவட்ட ஆட்சியரின் சமூக ஊடகப் பக்கத்தில் மாணவர்கள் கெஞ்சுவார்கள், மீம் போடுவார்கள். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் எதையாவது பதிவிட்டால் அதற்குக் கீழே தங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரிப்பார்கள். ஆட்சியர் விடுமுறை அறிவித்ததும் மாணவருக்குக் கேள்வி தீர்ந்தது. சிக்கல் என்னவென்றால், கல்லூரி நிர்வாகமும் அத்தோடு தன் வேலை தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கு லீவு விட்டால் பிள்ளை வீட்டில் இருக்கும். கல்லூரிக்கு விட்டால் விடுதி மாணவர்கள் அதே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். பெரிய கல்லூரி என்றால் ஆயிரக்கணக்கில். மெஸ்ஸில் சமைப்பவர்கள், காவலாளிகள், ஆய்வகத்தை விட்டு நகர முடியாத ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் கூடவே இருக்கிறார்கள்.

வானிலை எச்சரிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் வெகுவாக முன்னேறியிருக்கிறது. செயற்கைக்கோள், ராடார், செல்பேசி என்று அது கல்லூரியின் நுழைவாயில் வரை வந்துவிடுகிறது. வாயிலிலிருந்து விடுதி அறைக்கதவு வரை உள்ள அரைக் கிலோமீட்டர்தான் இன்னும் சரியாகப் போடப்படாத பாதை. இந்தக் கட்டுரையின் கவலை அந்த அரைக் கிலோமீட்டரைப் பற்றியது.

காலண்டரும் நமக்குச் சாதகமாக இல்லை. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வங்கக் கடலில் புயல்கள் நம் கரையைத் தேடி வரும் காலமும் அதுவே. செமஸ்டர் தேர்வுகளும் நவம்பர், டிசம்பரில்தான். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. வகுப்பு நாளில் மழை பெய்தால் மாணவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். தேர்வு நாளில் பெய்தால் முழங்கால் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டாவது வந்து சேரப் பார்ப்பார். ஆகவே தேர்வு ஒத்திவைப்பு எந்த நேரத்தில் அறிவிக்கப்படுகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதைத் தேர்வுத்துறை அலுவலக நடைமுறையாக மட்டும் பார்ப்பது சரியில்லை.

நிறங்கள் சொல்வது என்ன

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாக நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. பெய்தால் கனமழை, 11.5 செ.மீ.யைத் தாண்டினால் மிகக் கனமழை, 20.4 செ.மீ.யைத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயல்படுங்கள். செய்திகளில் ‘ரெட் அலர்ட்’ மட்டுமே தலைப்பாவதால், சிவப்பு வந்த பிறகுதான் எல்லோரும் எழுந்து உட்காருகிறார்கள். கல்லூரிக்கு உண்மையான வேலைநாள் ஆரஞ்சு நாள்தான். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது, மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது, வடிகால் வாயை அடைத்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குப்பையை எடுப்பது, விடுதியில் யார் யார் தங்கப்போகிறார்கள் என்று பெயர் எழுதுவது எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். சிவப்பு நாளில் டீசல் வாங்க ஆள் அனுப்பினால் அனுப்பப்பட்டவர் பாதி வழியில் நிற்பார்.

புயல் ஓரளவு நாகரிகமானது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும். வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக வருகிறது. முதல் கட்டம் 72 மணி நேரத்துக்கு முன்பு, அடுத்தது 48 மணி நேரத்துக்கு முன்பு, பிறகு 24, கடைசியாகக் கரையைக் கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பு. 2016-இல் சென்னையைத் தாக்கிய வர்தாவும், 2018-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜாவும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சலும் நாள் கணக்கில் கண்காணிக்கப்பட்டவை.

பெயரில்லாத மழைதான் நம்மைக் கவிழ்க்கிறது. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி தென்மாவட்டங்களில் கொட்டியது புயல் அல்ல, குமரிக்கடல் பக்கத்து வளிமண்டலச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அதாவது ஓராண்டு மழையை விட அதிகம். கனமழைக்கான முன்னறிவிப்பு இருந்தது, இந்த அளவை யாரும் எதிர்பார்க்கவில்லை. நேர்மாறான அனுபவமும் உண்டு. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. 2015-ஐ மறக்காத வேளச்சேரிவாசிகள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை. உடனே கேலி தொடங்கியது. கார்களை மேலே ஏற்றியவர்களைக் கேலி செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கிடைத்த எச்சரிக்கையை அவர்கள் சரியாகவே பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் விடப்படும் டொர்னேடோ எச்சரிக்கைகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு வீணாகத்தான் போகின்றன. அதற்காக அங்கே சைரனைக் கழற்றிவிடவில்லை. கேலிக்குப் பயந்து அடுத்த முறை நிர்வாகி தயங்கினால் அந்தத் தயக்கம்தான் ஆபத்து.

புயல், பருவமழை இரண்டையும் தாண்டி, ராடார் படத்தைப் பார்த்து அடுத்த 3 மணி நேரத்துக்கென்று விடப்படும் உடனடி முன்னறிவிப்பு ஒன்று உண்டு. தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடுவதால் எல்லோருக்கும் பழக்கமானது, அதனாலேயே யாரும் பொருட்படுத்தாதது. மாலை நான்கு மணிக்கு ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் வெளியே அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. ஆனால் மூன்றரை மணிக்கு அதைப் பார்ப்பது கல்லூரியில் யாருடைய வேலை? பெரும்பாலான இடங்களில் யாருடைய வேலையும் இல்லை.

முடிவெடுப்பவர் யார்

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். விடுமுறை அறிவிப்பு அவரிடமிருந்து வருவது அதனால்தான். அவர் விடிய விடிய மழையளவைப் பார்த்துவிட்டுக் காலை ஆறு, ஆறரைக்கு அறிவிக்கும்போது, ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. சாலை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள பொறியியல் கல்லூரிகளின் பேருந்துகள் முதல் நிறுத்தத்தைத் தாண்டியிருக்கும். ஒரு மாவட்டம் முழுவதற்குமான முடிவு அப்படித்தான் இருக்க முடியும், ஆட்சியரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஏரி ஆயக்கட்டில் கட்டப்பட்ட கல்லூரிக்கும் மேட்டுநிலத்தில் நிற்கும் கல்லூரிக்கும் ஒரே உத்தரவு பொருந்தாது. தன் வளாகம் எந்த மழைக்கு எப்படி நனையும் என்பது கல்லூரிக்குத்தான் தெரியும்.

தெரிந்தும் காத்திருக்கிறார்கள். முதல்வர் தாளாளரைக் கேட்க வேண்டும், தாளாளர் ஆட்சியரின் அறிவிப்புக்குக் காத்திருப்பார், பேருந்துப் பொறுப்பாளர் யாராவது சொல்லட்டும் என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். வேலைநாள் கணக்கு, வருகைப்பதிவு விழுக்காடு என்ற பயங்கள் வேறு. இதனால் நடக்கும் மிக மோசமான முடிவு, மதியம் இரண்டு மணிக்கு மழை உச்சத்தில் இருக்கும்போது கல்லூரியை மூடி எல்லோரையும் சாலைக்கு அனுப்புவது. வர்தா கரையைக் கடந்தது பிற்பகலில். மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய காற்றில் சென்னைச் சாலைகள் முழுக்க மரங்கள் சாய்ந்தன. அப்படியொரு நேரத்தில் கான்கிரீட் கட்டடத்தின் முதல் தளத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் பாதுகாப்பானவர். ‘யாரும் வெளியே போகாதீர்கள், இரவு இங்கேயே சாப்பாடு’ என்று சொல்வதும் ஒரு முடிவு. அதை எடுக்கும் துணிவும் சமையலறையில் அரிசியும் இருக்க வேண்டும்.

லீவு கிடைத்ததும் விடுதி மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப் போனதால் நின்றது. சுமார் 800 பயணிகள் அங்கே சிக்கினார்கள். லீவு அறிவிப்போடு ‘பயணம் வேண்டாம்’ என்ற ஒரு வரியும் போக வேண்டும். எந்த அறிவிப்பிலும் அதை நான் பார்த்ததில்லை.

செய்தி போகும் வழிகள்

இன்றைக்குக் கல்லூரியின் எச்சரிக்கை அமைப்பு என்றால் அது வாட்ஸ்அப் குழுதான். வகுப்பு ஆலோசகர் அனுப்புவார், வகுப்புப் பிரதிநிதி பகிர்வார். வேகமானது, செலவில்லாதது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் போலி விடுமுறைச் சுற்றறிக்கையைப் பரப்புவதும் இதே குழுதான். டவர் செயலிழந்தால் அத்தோடு முடிந்தது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து அடையாறு கரை புரண்டபோது, மின்சாரம் போய், டவர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, சென்னையின் பல பகுதிகளில் தொலைபேசி ஊமையானது. வெளியூர்ப் பெற்றோர்கள் பிள்ளைகளை எட்ட முடியாமல் தவித்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் செல்பேசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அலறியது நினைவிருக்கும். சி-டாட் நிறுவனமும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சேர்ந்து செய்த சோதனை அது. சாதாரண எஸ்.எம்.எஸ். ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போகும், நெரிசலில் மணிக்கணக்கில் தாமதமாகும். இந்தப் புதிய முறையில் டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகிறது. எண் தெரிய வேண்டியதில்லை, வெளிமாநில சிம் என்றாலும் வரும். விடுதிகளில் பிகாரிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய வரம். ஆனாலும் இது டவரின் எல்லைக்கான செய்தி. ‘பி பிளாக் தரைத்தளத்தைக் காலி செய்யுங்கள்’ என்று டில்லியோ சென்னை எழிலகத்தில் உள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறையோ சொல்லாது, அதைக் கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் துறைமுகங்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பாம்பனிலும் கடலூரிலும் நாகையிலும் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண் உண்டு. பத்தாம் எண் பெரும் அபாயத்தைக் குறிக்கிறது. பதினோராம் எண்ணின் பொருள், வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி தானே முடிவு செய்கிறார் என்பது. மேலேயிருந்து செய்தி வராது போனால் என்ன செய்வது என்பதற்கும், யார் முடிவெடுப்பது என்பதற்கும், கப்பல்காரர்களுக்காக வகுத்த அந்தப் பழைய முறையில் இடம் வைத்திருக்கிறார்கள். நம் கல்லூரிகள் எத்தனையில் பதினோராம் எண்ணுக்கு இணையான ஏற்பாடு இருக்கிறது? கல்லூரி மணி, பேட்டரியில் இயங்கும் கைமைக், தளத்துக்கு ஒரு பொறுப்பாளர், கதவைத் தட்டிச் சொல்லும் இரண்டு சீனியர்கள். இவ்வளவு போதும்.

வானொலியையும் சேர்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 பண்பலை 2004 பிப்ரவரி 1-இல் தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. அதன்பின் பல கல்லூரிகள் சொந்தமாகச் சமுதாய வானொலி தொடங்கியிருக்கின்றன. சுற்று வட்டாரத்துக்குப் பேசும் உரிமமும் கருவியும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் ஒலிபரப்பு நிற்காமல் இருக்க மாற்று மின்வசதியும், விடுதிக்கு நான்கு பேட்டரி ரேடியோக்களும் வேண்டும்.

அமெரிக்கா சட்டமாக்கிய கதை

வளாக எச்சரிக்கையைச் சட்டக் கடமையாக்கிய நாடு அமெரிக்கா. அதன் வேர் வானிலையில் இல்லை. 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டதையடுத்து 1990-இல் ஒரு சட்டம் வந்தது, பின்னாளில் அது அவர் பெயரையே பெற்றது. 2007 ஏப்ரல் 16-இல் வர்ஜீனியா டெக் வளாகத்தில் காலை 7.15 மணியளவில் முதல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. சிறிது நேரத்தில் இரண்டாவது தாக்குதல். மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. உடனடி அபாயம் உறுதியானால் தாமதமின்றி வளாகத்தினருக்கு அறிவிக்க வேண்டும். யார் அறிவிப்பார், எப்படி அறிவிப்பார் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். கடும் வானிலையும் இந்தக் கடமைக்குள் வந்தது. இதைத் தவிர அந்நாட்டு வானிலைத் துறை 1999 முதல் ‘ஸ்டார்ம்ரெடி’ என்ற சான்றிதழ்த் திட்டம் நடத்துகிறது. எச்சரிக்கையைப் பெறவும் பரப்பவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருந்தால்தான் பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சான்று கிடைக்கும்.

சட்டத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு டென்னசி மாநிலம் ஜாக்சனில் உள்ள யூனியன் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம், கதை சட்டத் திருத்தத்துக்குச் சற்று முந்தையது என்றாலும். 2008 பிப்ரவரி 5 மாலை பெரும் டொர்னேடோ ஒன்று அந்த வளாகத்தின் விடுதிகளை நொறுக்கியது. மாணவர்கள் முன்பே தரைத்தளக் குளியலறைகளுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். சுமார் ஐம்பது பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், இடிபாட்டில் சிலர் மணிக்கணக்கில் சிக்கினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. 2002-லும் அங்கே ஒரு டொர்னேடோ அடித்திருந்தது. எங்கே ஓடுவது என்று தெரிந்திருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகம் வேறு வகைப் பாடம். 2005 ஆகஸ்ட் 27, முதலாண்டு மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்திறங்கிய அதே நாளில், கத்ரீனா சூறாவளிக்காக எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். போக இடமில்லாதவர்களைப் பேருந்தில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். தங்க இடம் தர வேறொரு பல்கலைக்கழகம் இருந்ததை இங்கே கவனிக்க வேண்டும். மேட்டுப்பகுதிக் கல்லூரியும் பள்ளப்பகுதிக் கல்லூரியும் இப்படி ஒப்பந்தம் செய்துகொள்ள நமக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

நம் பக்கம் சட்டம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு பள்ளிப் பாதுகாப்பு தேசிய அளவில் பேசப்பட்டது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிகளுக்கென்று விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உயர்கல்விக்கு, பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. அது பெரிதும் பேசப்பட்டது உயரமான சுற்றுச்சுவருக்கும் அதன்மேல் சுருள் முள்கம்பிக்கும்தான். வெள்ளம் சுற்றுச்சுவரைக் கண்டு திரும்பிப் போவதில்லை. தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதே பல இடங்களில் அந்தச் சுவர்தான்.

மின்னலும் பூட்டிய கதவும்

மழை, புயல் பேச்சில் மின்னல் அடிபட்டுப் போகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஏப்ரல், மே மாலையில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுபவர்கள், மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள், நான்கு தூண் மட்டும் உள்ள கொட்டகையில் ஒதுங்குபவர்கள் எல்லோரும் திறந்தவெளியில்தான் இருக்கிறார்கள். இடி காதில் விழுந்தால் மைதானத்தைக் காலி செய்து சுவருள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை திரும்பக் கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி மின்னல் நடமாட்டத்தைக் காட்டுகிறது. உடற்கல்வி இயக்குநர் ஒருவரின் போனில் அது இருந்தால், விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இருந்தால், செலவே இல்லாமல் இது முடிந்துவிடும்.

விடுதிக்கு வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். நம் பெண்கள் விடுதிகள் பல, இரவு ஏழு, எட்டு மணிக்கு வெளியிலிருந்து பூட்டப்படுகின்றன. சாவி வாயிலில் இருக்கும் காவலாளியிடமோ வார்டனிடமோ இருக்கும். இரவு இரண்டு மணிக்குத் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினாலோ, மின்கசிவில் புகை கிளம்பினாலோ, முதலில் சாவியைத் தேடவேண்டும். பாதுகாப்பு என்று பெயர் வைத்த பூட்டு அந்த நேரத்தில் பொறியாகிறது. கும்பகோணத் தீவிபத்து கற்றுக்கொடுத்ததை விடுதிகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தளத்திலும் உள்ளிருந்து திறக்கக்கூடிய இரண்டாவது வழி வேண்டும்.

ஜெனரேட்டரும் மின்பலகையும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் தரைமட்டத்தில், சில இடங்களில் தரைக்குக் கீழே. முதல் அடி தண்ணீரிலேயே விளக்கும் மோட்டாரும் போய்விடும், மோட்டார் போனால் குடிநீரும் போய்விடும். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு வசதிக்காகத் தரைத்தள அறை கொடுத்திருப்பார்கள். அவரை மேலே தூக்கிச் செல்வது யார் என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இன்சுலின் போடுகிறவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டியல் வார்டனிடம் இருக்க வேண்டும். வளாகத்தின் முதிர்ந்த மரங்களை செப்டம்பரிலேயே கிளை கழித்துப் பாரம் குறைத்தால் வர்தாவில் சாய்ந்த அளவுக்குச் சாயாது.

ஆள் பற்றாக்குறை என்ற சாக்கு கல்லூரிக்குப் பொருந்தவே பொருந்தாது. 2015-இல் சென்னையில் படகும் சாப்பாட்டுப் பொட்டலமும் சுமந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் ஏராளம். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் என்று மூன்று அமைப்புகள் பல கல்லூரிகளில் இருக்கின்றன. ஊர்வலத்துக்கும் மரக்கன்று நடும் படத்துக்கும் அவர்களைக் கூப்பிடுகிறோம். அவர்களில் இருபது பேருக்குத் தளப்பொறுப்பு, முதலுதவி, கதவுதட்டும் வேலை என்று பிரித்துக் கொடுத்து, அக்டோபர் முதல் வாரத்தில் இரவு நேரத்தில் ஒரு முறை ஒத்திகை பார்த்தால், மேலே சொன்ன குறைகளில் பாதி அன்றைக்கே தெரிந்துவிடும். பகலில் செய்யும் ஒத்திகை புகைப்படத்துக்கு மட்டுமே உதவும்.

அடுத்த முறை விடுதிக் கட்டணம் கட்டப் போகும் பெற்றோர்கள் மெஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: இரவு சாவி யாரிடம், மழை நாளில் முடிவெடுப்பவர் யார். மாணவர்கள் டி.என். அலர்ட் செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. இரண்டையும் வார்டனின் எண்ணோடு சேர்த்து, மழை தொடங்குவதற்குள், விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் கையால் எழுதி ஒட்டிவிடுங்கள்.